காகிதப் பணப்பையும் இணையம் தொடாத அச்சுப்பொறியும்

காகிதப் பணப்பை என்பது பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயத்தைச் செலவழிக்கத் தேவையான இரகசிய எண்ணைக் கணினியில் வைக்காமல் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளும் முறையாகும். 2011 முதல் ஏறத்தாழ 2016 வரை இது பரவலான வழக்கில் இருந்தது. கணினிக்குள் புகும் திருடரிடமிருந்து பணத்தைக் காக்க எழுந்த இம்முறை, அச்சுப்பொறி என்னும் இன்னொரு கணினியை நம்பியாக வேண்டிய நிலையை உண்டாக்கியது. அந்த அச்சுப்பொறியை இணையத்திலிருந்து பிரித்து வைக்கப் பயனர்கள் பல வழிகளைக் கையாண்டனர். முடிவில் பெரும்பாலோர் அச்சுப்பொறியையே விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டனர்.

தாளில் இருப்பது என்ன?

சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயர் கொண்டவர் பிட்காயின் பற்றிய ஒன்பது பக்கக் கட்டுரையை 2008 அக்டோபர் 31 அன்று வெளியிட்டார். அதன் கணக்கேட்டின் முதல் தொகுதி 2009 ஜனவரி 3 என்ற நாளைத் தாங்கியுள்ளது. இந்தக் கணக்கேட்டின் பிரதிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் உள்ளன. எந்த முகவரியில் எவ்வளவு பிட்காயின் இருக்கிறது என்பது அந்த ஏட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே காகிதப் பணப்பையில் பணம் கிடையாது. அந்தப் பணத்தை அசைக்கும் உரிமைதான் தாளில் இருக்கிறது.

கோயில் உண்டியலை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். உண்டியலின் வாய்க்குள் யார் வேண்டுமானாலும் காசு போடலாம். எடுப்பதற்குச் சாவி வேண்டும். பிட்காயினில் 'முகவரி' என்பது உண்டியலின் வாய். 'தனிச்சாவி' என்பது திறவுகோல். தனிச்சாவியிலிருந்து கணக்கிட்டு முகவரியைப் பெறலாம். முகவரியை வைத்துக்கொண்டு தனிச்சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உண்டியல் சாவி தொலைந்தால் அதிகாரிகள் முன்னிலையில் பூட்டை உடைக்கலாம். பிட்காயினில் பூட்டை உடைக்க ஆளில்லை. சாவி தொலைந்தால் பணம் என்றென்றைக்கும் அங்கேயே கிடக்கும். சாவியை இன்னொருவர் பார்த்து எழுதிக்கொண்டாலோ, அவர் எடுக்கும் நாள்வரை உரியவருக்கு அது தெரியவே தெரியாது.

தனிச்சாவி என்பது ஒரு பெரிய எண். பதின்ம முறையில் எழுதினால் அது 78 இலக்கம் வரை நீளும். கையால் எழுதும்போதும் படிக்கும்போதும் பிழை வராதிருக்க, 58 குறிகள் கொண்ட ஓர் எண்முறையில் அதைச் சுருக்கி எழுதும் வழக்கத்தை பிட்காயின் கொண்டது. ஒன்றுக்கொன்று குழப்பம் தரும் சுழியம், ஆங்கிலப் பெரிய எழுத்து ஓ, பெரிய எழுத்து ஐ, சிறிய எழுத்து எல் ஆகிய நான்கும் அதில் விலக்கப்பட்டன. இவ்வாறு எழுதினால் சாவி 51 அல்லது 52 குறிகளில் அடங்கும். அதிலேயே ஒரு சரிபார்ப்புப் பகுதியும் உண்டு; ஓர் எழுத்து மாறினால் மென்பொருள் 'இது தவறு' என்று சொல்லிவிடும். இந்த ஐம்பது சொச்சம் குறிகளும், அவற்றைக் கேமராவால் படிக்க உதவும் கியூஆர் கட்டமும்தான் காகிதப் பணப்பையின் உயிர்ப்பகுதி.

கணினியில் வைத்த பணம்

முதல் சில ஆண்டுகளில் சாவிகள் யாவும் பயனரின் கணினியில் ஒரு கோப்பாக இருந்தன. பிட்காயினுக்குப் பெரிய விலை இல்லாத வரை அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 2010 ஆகஸ்டில் ஒரு பயனர், தம்மிடம் இருந்த சுமார் 9,000 பிட்காயினில் ஒன்றைத் தமக்கே அனுப்பிப் பார்த்தார். மீதி 8,999-உம் மென்பொருள் புதிதாக உருவாக்கிய ஒரு முகவரிக்குச் சென்றது. அவரிடம் இருந்ததோ அதற்கு முன் எடுத்த பிரதி. புதிய முகவரிக்கான சாவி அதில் இல்லாததால் அவ்வளவும் போயிற்று. 2011 ஜூனில் வேறொருவர் தம் விண்டோஸ் கணினிக்குள் யாரோ புகுந்து 25,000 பிட்காயினை எடுத்துவிட்டதாகத் தெரிவித்தார். அன்றைய விலையில் அது ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர்.

பரிமாற்ற நிறுவனங்களிடம் ஒப்படைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. அதே 2011 ஜூனில் டோக்கியோவின் மவுன்ட் காக்ஸ் நிறுவனத்தில் ஊடுருவல் நடந்து, அங்கே பிட்காயினின் விலை சற்று நேரம் ஒரு சென்ட் அளவுக்கு வீழ்ந்தது. 2014 பிப்ரவரியில் அந்நிறுவனம் சுமார் 8.5 லட்சம் பிட்காயினைக் காணவில்லை என்று கூறித் திவால் பாதுகாப்புக் கோரியது. அவற்றுள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பின்னர் ஒரு பழைய பணப்பையில் கிடைத்தன. சாவியைத் தன் கையிலேயே, அதுவும் கணினிக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இந்தச் சூழலில்தான் வலுப்பெற்றது.

பிட்அட்ரஸும் உலோகக் காசும்

2011-இல் பிட்அட்ரஸ் என்ற கருவி வந்தது. இணைய உலாவியில் இயங்கும் ஒரே ஒரு பக்கம் அது. சுட்டியை அங்குமிங்கும் அசைத்தால், அந்த அசைவுகளிலிருந்து தற்செயல் தன்மையைத் திரட்டிச் சாவியையும் முகவரியையும் உருவாக்கித் தரும். கணக்கு முழுவதும் பயனரின் கணினியிலேயே நடப்பதால், பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு இணையத்தைத் துண்டித்த பிறகும் அதை இயக்கலாம். அதன் மூலநிரலும் எல்லோரும் பார்க்கத் திறந்திருந்தது. பின்னாளில் வந்த பல காகிதப் பணப்பைக் கருவிகள் இதையே அடியொற்றின.

அதே ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மைக் கால்டுவெல் 'கசாசியஸ்' என்ற உலோகக் காசுகளை விற்கத் தொடங்கினார். காசில் ஒட்டிய ஹாலோகிராம் வில்லைக்கு அடியில் தனிச்சாவி அச்சிட்ட சிறு தாள் இருக்கும். வில்லையை உரித்தால் மீண்டும் ஒட்ட முடியாது. உரித்த அடையாளம் தங்கிவிடும். பார்வைக்கு நாணயம் என்றாலும் இதுவும் உள்ளுக்குள் ஒரு காகிதப் பணப்பையே. வாங்கியவர்கள் ஒன்றை மட்டும் நம்ப வேண்டியிருந்தது: அச்சிட்டவர் சாவியின் பிரதியை வைத்துக்கொள்ளவில்லை என்பது. கால்டுவெல் நேர்மையானவர் என்று பெயர் பெற்றிருந்தார். ஆனாலும் இந்தக் குறையை அவரே உணர்ந்து, 2012-இல் பிப் 38 என்ற முறையை முன்மொழிந்தார். இதன்படி சாவி கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட நிலையிலேயே அச்சாகும். தாளைத் திருடியவருக்கும் கடவுச்சொல் தெரியாமல் பயன் இல்லை. அச்சிடுபவருக்கே சாவி தெரியாதபடி அச்சிட்டுத் தரவும் இதில் வழி இருந்தது. சாவி பொதிந்த காசுகளின் விற்பனை, பணப் பரிமாற்றச் சட்டம் குறித்த அமெரிக்க நிதித்துறைப் பிரிவு ஒன்றின் கடிதத்தைத் தொடர்ந்து 2013 இறுதியில் நின்றது.

அச்சுப்பொறிக்குள் இருந்த கணினி

தாள் பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. தாளுக்குள் வைரஸ் புகாது. ஆனால் சாவி தாளுக்கு வந்து சேரும் வழியைப் பற்றித் தொடக்கத்தில் பலர் யோசிக்கவில்லை. பள்ளிகளில் வினாத்தாளை உருட்டச்சில் எடுத்த காலத்தில், அச்சான தாள்களைப் பீரோவில் பூட்டினால் மட்டும் போதாது; மெழுகுத்தாளையும் எரித்துவிட வேண்டும் என்பதை ஆசிரியர்கள் அறிந்திருந்தார்கள். எரிக்காத மெழுகுத்தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் முழு வினாத்தாளையும் படித்துவிடலாம். நவீன அச்சுப்பொறியின் மெழுகுத்தாள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே வேறுபாடு.

அது ஓரிடத்தில் மட்டும் தங்குவதும் இல்லை. கணினியில் 'அச்சிடு' என்று கட்டளை கொடுத்ததும், அந்தப் பக்கம் முதலில் வன்தட்டில் ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதப்பட்டு அச்சு வரிசையில் நிற்கிறது. அச்சு முடிந்ததும் கோப்பு அழிக்கப்படும். ஆனால் அழித்தல் என்பது பெரும்பாலும் அதன் பெயரை நீக்குவது மட்டுமே. மேலே வேறு தரவு எழுதப்படும்வரை உள்ளடக்கத்தை மீட்க முடியும். அடுத்து, பக்கம் வைஃபை வழியே சென்றால் அதே வலையமைப்பில் உள்ள பிற கருவிகளின் அருகே அது பயணிக்கிறது. கடைசியாக அச்சுப்பொறியின் சொந்த நினைவகம். வீட்டுக்கு வாங்கும் சிறு பொறிகளில் அது மின்சாரத்தை நிறுத்தினால் அழிந்துவிடும் வகை. அலுவலகப் பொறிகள் பலவற்றில் வன்தட்டே இருந்தது.

இந்த ஆபத்து பிட்காயின்காரர்களின் கற்பனை அன்று. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி நியூஜெர்சியின் கிடங்கு ஒன்றில் பழைய நகலெடுப்பு இயந்திரங்கள் நான்கை வாங்கி, அவற்றின் வன்தட்டுகளை ஆராய்ந்தது. பஃபலோ நகரக் காவல்துறையின் பாலியல் குற்றப் பிரிவு ஆவணங்கள் ஒன்றில் இருந்தன. அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் நோயாளர் குறிப்புகள் இன்னொன்றில் இருந்தன. அந்த அமைப்பு 2013 ஆகஸ்டில் 12 லட்சம் டாலருக்கும் மேல் செலுத்தி அரசுடன் உடன்பாட்டுக்கு வந்தது. அதற்கும் முன்பே, 2005 அக்டோபரில், மின்னணு எல்லை அறக்கட்டளை சில ஜெராக்ஸ் வண்ண அச்சுப்பொறிகள் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மஞ்சள் புள்ளிகளை இடுவதைப் படித்துக் காட்டியது. பொறியின் வரிசை எண்ணும் அச்சிட்ட நாளும் நேரமும் அவற்றில் இருந்தன.

2011 நவம்பரில் வெளிவந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு இன்னும் நேரடியானது. ஆங் குய், சால்வடோர் ஸ்டோல்ஃபோ ஆகிய இருவரும் எச்பி லேசர் அச்சுப்பொறிகளுக்குள் இயங்கும் மென்பொருளை வெளியிலிருந்தே மாற்ற முடியும் என்று காட்டினர். அதற்கு ஒரு கோப்பை அச்சிடக் கொடுத்தாலே போதும். மாற்றப்பட்ட பொறி, அதில் அச்சாகும் ஆவணத்தின் பிரதியை வேறொரு கணினிக்கு அனுப்பிற்று. எச்பி அடுத்த மாதமே திருத்தம் வெளியிட்டது. காகிதப் பணப்பை பரவத் தொடங்கிய அதே ஆண்டில் இது வெளிவந்ததால், சாவியை அச்சிடும் பொறி இணையத்தின் பக்கமே போகக் கூடாது என்ற விதி விரைவில் நிலைபெற்றது.

இணையம் தொடாமல் அச்சிடுதல்

பயனர்களிடையே படிப்படியாக உருவான முறை இதுதான். முதலில் இணைய வசதியுள்ள கணினியில் பணப்பைக் கருவியைப் பதிவிறக்கி, அதை வெளியிட்டவரின் மின்னொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிறகு அதை யூஎஸ்பி நினைவகத்தில் ஏற்றுவார்கள். சாவியை உருவாக்கும் கணினியோ வன்தட்டைத் தொடாமல், குறுவட்டிலிருந்தோ யூஎஸ்பியிலிருந்தோ நேரடியாக இயங்கும் உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமையில் தொடங்கப்படும். அத்தகைய முறைமையில் அச்சு வரிசைக் கோப்பும் தற்காலிக நினைவகத்தில்தான் எழுதப்படும். கணினியை அணைத்தால் போய்விடும். வைஃபை அட்டையையே கழற்றிவிட்டவர்களும் உண்டு.

அச்சுப்பொறி எவ்வளவு மலிவானதோ அவ்வளவு நல்லது என்பது இங்கே நிலவிய விசித்திரமான கணக்கு. வைஃபை இல்லாத, வன்தட்டு இல்லாத, யூஎஸ்பி கம்பியால் மட்டும் இணையும் பழைய பொறிக்கே மதிப்பு. நடைமுறையில் தொல்லை கொடுத்தது இயக்கி மென்பொருள். இணையம் இல்லாத கணினி புதிய பொறியை அடையாளம் காணாது; இயக்கியைத் தேடி இணையத்தை இணைத்தால் செய்த ஏற்பாடெல்லாம் வீண். அதனால் இயக்கியை முன்கூட்டியே எடுத்து வைப்பதும், சாவியை உருவாக்கும் முன் வெறும் சோதனைப் பக்கம் ஒன்றை அச்சிட்டுப் பார்ப்பதும் வழக்கமாயின. வேலை முடிந்ததும் பொறியின் மின்கம்பியைப் பிடுங்கிச் சற்று நேரம் விட்டுவிடுவார்கள். தாள் சிக்கிக்கொண்டு பாதி அச்சானால் அந்தப் பாதியையும் எரித்துவிட வேண்டும். கிழித்துக் குப்பையில் போடுவது போதாது.

மையைப் பற்றியும் நிறையப் பேசப்பட்டது. இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கசியும். லேசர் அச்சில் உருகிப் படிவது பிளாஸ்டிக் தூள் என்பதால் தண்ணீருக்குத் தாங்கும்; ஆனால் வெப்பத்தில் எதிரே உள்ள தாளில் ஒட்டிக்கொள்ளும். கடை ரசீது அச்சிடும் வெப்பத்தாள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும் என்பதால் அது அறவே ஆகாது. கியூஆர் கட்டத்தின் ஒரு பகுதி சிதைந்தாலும் படிக்க முடியும் என்பது ஆறுதல். ஆயினும் எழுத்து வடிவிலும் சாவியை அச்சிடுவதே நல்லது என்று கருதினர்.

ஆர்மரி என்ற பணப்பை மென்பொருள் இந்தச் சிக்கலுக்கு எளிமையான ஒரு தீர்வைக் கொண்டுவந்தது. 'செக்யூர்பிரிண்ட்' என்ற அதன் வசதியில், சாவி மறையாக்கம் செய்யப்பட்டே அச்சுப்பொறிக்குப் போகும். அதைத் திறக்கும் சிறு குறியீடு திரையில் மட்டும் தெரியும். தாள் வெளிவந்த பிறகு அந்தக் குறியீட்டைப் பயனர் பேனாவால் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அச்சுப்பொறி எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் அதற்குக் கிடைப்பது பாதிச் செய்திதான். இது போதிய புகழ் பெறவில்லை. வண்ணக் கரையும் அலங்காரமும் கொண்ட, மடித்து ஒட்டும் தாள்களையே மக்கள் விரும்பினார்கள்.

பத்து விநாடி

எவ்வளவு கவனமாக அச்சிட்டாலும், அச்சான பிறகு அது வெறும் தாள். கண்ணில் பட்டால் போயிற்று. 2013 டிசம்பரில் ப்ளூம்பெர்க் தொலைக்காட்சியின் மேட் மில்லர், தம்முடன் நிகழ்ச்சி நடத்திய இருவருக்கு 20 டாலர் மதிப்புள்ள பிட்காயின் பரிசுத் தாள்களை நேரலையில் வழங்கினார். அவர்களில் ஒருவர் தாளைத் திறந்து கேமராவின் முன் காட்டினார். கியூஆர் கட்டம் ஏறத்தாழ பத்து விநாடி திரையில் தெரிந்தது. நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கைப்பேசியைத் திரைக்கு நேரே பிடித்துப் பணத்தைத் தம் கணக்குக்கு மாற்றிக்கொண்டார். பின்னர் திருப்பித் தருவதாகவும் சொன்னார்; மில்லர் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தனிச்சாவி என்றால் என்ன என்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிடச் சிக்கனமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இதற்கு எதிர்முனையில் விங்கில்வாஸ் இரட்டையர் இருந்தார்கள். தங்கள் சாவிகளின் அச்சுப்பிரதியைத் துண்டு துண்டாக வெட்டி, உறைகளில் இட்டு, அமெரிக்காவின் பல்வேறு ஊர்களில் உள்ள வங்கிப் பெட்டகங்களில் பிரித்து வைத்ததாக 2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஒரு பெட்டகத்தைத் திறந்தவருக்கு முழுச் சாவி கிடைக்காது.

எண் எங்கிருந்து வந்தது?

காகிதப் பணப்பையை உண்மையில் சாய்த்தது அச்சுப்பொறியைவிட ஆழமான ஒரு பலவீனம். தாளில் உள்ள எண்ணை வேறொருவர் ஊகிக்க முடிந்தால், அதை எந்தப் பெட்டகத்தில் வைத்தும் பயனில்லை. 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் தற்செயல் எண்களை உருவாக்கிய விதத்தில் பெரும் குறை இருப்பது தெரியவந்தது. சில பணப்பைகளிலிருந்து பணம் திருடு போயிருந்தது. ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்து அதிலிருந்து சாவியைப் பெறும் 'மூளைப் பணப்பை' முறையையும் பலர் நம்பினர். மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் வாக்கியங்களைக் கணினி எவ்வளவு விரைவில் ஊகித்துவிடுகிறது என்பதை ரயன் காஸ்டெலூச்சி 2015 ஆகஸ்டில் டெஃப்கான் மாநாட்டில் செய்து காட்டினார்.

2019 மே மாதம் மைகிரிப்டோ நிறுவனம் வெளியிட்ட செய்தி இன்னும் கசப்பானது. வாலட்ஜெனரேட்டர் என்ற பிரபலமான காகிதப் பணப்பைத் தளத்தின் நிரல், பொதுவில் வைத்திருந்த மூலநிரலிலிருந்து மாறியிருந்தது. 1,000 சாவிகளை உருவாக்கச் சொன்னபோது, அத்தளம் உண்மையில் 120 வெவ்வேறு சாவிகளையே மாற்றி மாற்றித் தந்தது. நிரலே பொல்லாதது என்றால் இணையத்தைத் துண்டித்தாலும் பயனில்லை. சாவி பிறக்கும்போதே இன்னொருவருக்கும் தெரிந்ததாக இருந்துவிடலாம். 2023 நவம்பரில் அன்சைபர்டு நிறுவனம், 2011 முதல் 2015 வரை உலாவியில் உருவாக்கிய பல பணப்பைகளின் சாவிகள் போதிய தற்செயல் தன்மை அற்றவை என்று எச்சரித்தது. காகிதப் பணப்பையின் பொற்காலமும் ஏறத்தாழ அதே ஆண்டுகள்தான்.

எந்த மென்பொருளையும் நம்பாதவர்கள் பகடை உருட்டினார்கள். ஆறு முகப் பகடையை 99 முறை உருட்டி வரும் எண்களைக் கொடுத்தால், பிட்அட்ரஸ் அதைச் சாவியாக ஏற்கும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் மேசைமேல் உருளும் பகடையை வெகுதூரத்துத் திருடரால் முன்கூட்டி அறிய முடியாது.

பென்சிலுக்குத் திரும்புதல்

தாளிலிருந்து செலவழிப்பதிலும் ஒரு பொறி இருந்தது. பிட்காயினில் ஒரு தொகையை உடைத்துச் செலவழித்தால், மீதிச் சில்லறை வேறு முகவரிக்குப் போகலாம். தாளில் உள்ள சாவியை ஒரு மென்பொருளில் ஏற்றிச் சிறு தொகை அனுப்பியவர்கள், மீதி தாளிலேயே இருப்பதாக நினைத்து மென்பொருளை நீக்கிவிட்டனர். 2010-இல் 8,999 பிட்காயினை விழுங்கியதும் இதே இயல்புதான். தாளைத் திறந்தால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் வேறு பணப்பைக்கு மாற்றிவிட வேண்டும் என்று வழிகாட்டிகள் வலியுறுத்தியும் எல்லோரும் கேட்கவில்லை.

இந்தச் சிக்கல்களுக்கு விடை வேறு திசையிலிருந்து வந்தது. 2013-இல் முன்வைக்கப்பட்ட பிப் 39 முறையில், 2,048 எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 முதல் 24 சொற்கள் வரை வரிசையாக எழுதினால், அவற்றிலிருந்து எத்தனை முகவரிகளுக்கும் சாவி பெறலாம். சில்லறை போகும் முகவரியும் அதில் அடக்கம். ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கு எழுத்துகளே அதை அடையாளம் காட்டிவிடும். 2014-இல் செக் நாட்டின் பிராக் நகரிலிருந்து வந்த டிரெசர் என்ற சிறு கருவி, சாவியைத் தனக்குள் உருவாக்கி, கணினிக்குக் காட்டாமலேயே கையொப்பமிட்டது. அது தன் சிறு திரையில் காட்டும் சொற்களைப் பயனர் ஓர் அட்டையில் கையால் எழுதிக்கொள்வார். காகிதம் இங்கும் இருந்தது, அச்சுப்பொறி இல்லை. சொற்கள் என்பதால் கையெழுத்துச் சற்று மோசமானாலும் படித்துவிடலாம். தீ விபத்துக்கு அஞ்சியவர்கள் எஃகுத் தகட்டில் எழுத்துகளைப் பொறித்து வைத்தனர்.

பிட்காயின் விக்கி இன்று காகிதப் பணப்பையைக் காலாவதியான, பாதுகாப்பற்ற முறை என்றே குறிப்பிடுகிறது. ஆனால் கணக்கேட்டுக்கு அந்தத் தீர்ப்பு தெரியாது. 2012-இல் அச்சிட்ட தாளில் உள்ள சாவி இன்றும் செல்லும். ஹாலோகிராம் உரிக்கப்படாத கசாசியஸ் காசுகள் பல சேகரிப்பாளர்களிடம் உள்ளன. அவற்றின் முகவரிகளில் உள்ள தொகையை எவரும் கணக்கேட்டில் பார்க்கலாம். எடுக்க வேண்டுமானால், வில்லைக்கு அடியில் அச்சாகி இருக்கும் அந்தச் சிறு தாள் வேண்டும்.